கிழக்கே போய் மேற்கே வந்தவர்கள்

ஆங்கிலேயர்கள் பாலஸ்தீனத்தை விட்டுக் கப்பலேறிப் போன அந்தக் கோடையில், ஒரே மண்ணை யூதர்களும் அரபிகளும் தங்களுடையது என்று சொல்லி ஊர் ஊராகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, தல்சிராஜ் என்ற மலையூரின் அரபு ஜனங்கள் துப்பாக்கிமுனையில் வெளியேற்றப்பட்டு, கிழக்கே நதி இருக்கும் திசையில் நடந்து போனார்கள்; மறுநாள் வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில், மேற்கு வாசல் வழியாகத் தங்கள் ஊருக்குள்ளேயே வந்து சேர்ந்தார்கள்.

வழியில் எங்கும் திரும்பவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சுண்ணாம்புக் காளவாயைத் தாண்டி, வறண்ட ஓடையைத் தாண்டி, இருட்டிய இடத்தில் படுத்து, விடிந்ததும் முகத்தில் வெயில் அடிக்க அடிக்க மறுபடி கிழக்கே நடந்ததாகவும், ஒரு வளைவைக் கடந்தபோது தங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் மினாரா தெரிந்ததாகவும் சொன்னார்கள். வாசலில் நின்ற யூதச் சிப்பாய்கள் இவர்கள் வழி தவறிவிட்டார்கள் என்று நினைத்து, ஊர் நடுவே நடத்திக் கிழக்கு வாசல் வழியாக மறுபடி வெளியே அனுப்பினார்கள். மறுநாள் உச்சிவேளையில் அவர்கள் மறுபடி மேற்கிலிருந்து வந்தார்கள். மூன்றாம் முறை ஒரு ஜீப்பைப் பின்னாலேயே அனுப்பிப் பார்த்தார்கள். அதுவும் அவர்களோடு மேற்கு வாசலுக்கே வந்து நின்றது. ஓட்டிய சிப்பாய், பெட்ரோல் தீர்ந்துவிட்டது, இனிமேல் நடந்து போகிறவன் யாராவது போகட்டும் என்று மட்டும் சொன்னான்.

சிப்பாய்களுக்குத் தலைவன் கிதியோன், கடலோரத்து ஆரஞ்சுத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன், சாலையோடு வாதாட அவனுக்கு நேரமில்லை. தினமும் வரட்டும், தினமும் போகட்டும், யாரும் உட்காரக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு அவன் அடுத்த மலையைப் பார்க்கப் போனான்.

அதற்கப்புறம் லாரிகளில் புதுக் குடிகள் வந்து இறங்கினார்கள். ஐரோப்பாவில் முகாம்களில் சாகாமல் மிச்சப்பட்டவர்கள், கப்பலின் அடித்தளத்தில் நின்றுகொண்டே கடல் கடந்தவர்கள், இனிமேல் யாரும் எங்களைக் கிளம்பு என்று சொல்லாத ஓர் இடம் வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் கேட்காதவர்கள். அழைத்துவந்த அதிகாரிகள், வீடுகள் காலியாக இருக்கின்றன, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஊருக்கு கிவத்நேர் என்று பெயர் வைத்தார்கள். அரபியில் பழைய பெயருக்கும் ஹீப்ருவில் இந்தப் பெயருக்கும் விளக்கின் மலை என்றுதான் அர்த்தம் என்பது பெயர் வைத்தவர்களுக்குத் தெரியாது. புதுக் குடிகள் பாத்திரங்களைக் கழுவி, ஈரத்துணிகளைத் தெருவின் குறுக்கே காயப்போட்டுக்கொண்டிருந்த முதல் நாள் மத்தியானத்தில், அந்த வீடுகளின் சொந்தக்காரர்கள் மூட்டைகளோடும் கைக்குழந்தைகளோடும் மேற்கு வாசல் வழியாக வந்து, துணிகளுக்குக் கீழே குனிந்து, தங்கள் வீட்டுச் சுவர்களைத் தொட்டுக்கொண்டே, கிழக்கு வாசல் வழியாகப் போனார்கள்.

அன்றைக்குப் புதுக் குடிகளில் சில பெண்கள் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டார்கள். துப்பாக்கிக்கு முன்னால் ஜனங்கள் வரிசையாக நடப்பதை அவர்கள் இதற்கு முன்னால் பார்த்திருந்தார்கள், அந்த வரிசைக்குள் இருந்தபடி பார்த்திருந்தார்கள். ஆனால் தினமும் நடக்கிற ஒன்றுக்கு மனிதர்கள் இடம் ஒதுக்கிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் துணிக்கயிற்றை இன்னும் உயரத்தில் கட்டினார்கள். கடிகாரம் பழுதுபார்க்கிறவர் அவர்கள் வரும் நேரத்தை வைத்துக் கடிகாரங்களைத் திருத்தினார். பிள்ளைகளுக்கு, அவர்கள் போனதும் சாப்பாடு என்று சொல்லிவைத்தார்கள். நடந்து போகிறவர்களில் ஒருவர் தன் வீட்டின் முன்னால் ஒரு கணம் நின்று, வடக்கு மூலையில் ஒழுகும், மழைக்கு முன்னால் சுண்ணாம்பு பூசிவிடுங்கள் என்று அரபியில் சொல்லிவிட்டுப் போவார். சில வீட்டுக்காரர்கள் வாசலில் தண்ணீர் வைத்தார்கள்; சிலர் தெருப்பக்கத்து ஜன்னல்களை ஆணியடித்து மூடினார்கள்; இரண்டையும் செய்த வீடுகளும் இருந்தன.

வரிசை நாளுக்கு நாள் சுருங்கியது. வயதானவர்களிலும் சின்னக் குழந்தைகளிலும் பலர் வழியோரத்து மண்ணிலேயே தங்கிவிட்டார்கள்.

அந்த வரிசையில் விதாத் என்ற பெண் நடந்தாள். ஊரில் பிரசவம் பார்த்தவள் அவள்தான். அந்தத் தெருக்களில் ஓடித் திரிந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். அவள் கணவன் நஸீஃப், ஊர் விழுந்த அன்று கிழக்கு வாசலில் சுடப்பட்டான். கண் தெரியாத மாமனார் அபூ நஸீஃப் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவளுடைய பெண் குழந்தை, பிறந்து நாற்பது நாள் கழிந்திருந்த குழந்தை, வறண்ட ஓடையருகே காய்ச்சலில் இறந்தது. கையால் தோண்டிப் புதைத்து மேலே கற்களை அடுக்கினாள். சாலை அவர்களைத் தினமும் அதே வழியில் கொண்டுபோனதால், தினமும் அந்தக் கற்குவியலைக் கடந்தாள். வரிசை நிற்காது என்பதால் நடந்துகொண்டே அழப் பழகியிருந்தாள்.

விதாத்தின் வீட்டில் இப்போது தெவோராவும் அவள் கணவன் ஹெர்ஷும் இருந்தார்கள். ருமேனியாவிலிருந்து வந்தவர்கள். தெவோரா தன் முதல் குழந்தையைப் பனிக்காலத்தில், முகாமுக்கு நடத்திக் கொண்டுபோன சாலையோரத்தில் விட்டுவிட்டு வந்தவள். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, ஹெர்ஷும் கேட்பதில்லை. இப்போது நிறைமாதமாக இருந்தாள். நகரத்திலிருந்து ஒரு தாதி வருவதாக இருந்தது. அவள் ஏறிய லாரியைக் கணவாயில் அரபுப் போராளிகள் மறித்து எரித்தார்கள். ரேஷன் மூட்டைகளோடு தாதியும், காவலுக்கு வந்த கிதியோனின் தம்பியும் அதில் கருகிப்போனார்கள். கிதியோன் தம்பியை இடுப்புப் பட்டையை வைத்து அடையாளம் கண்டான். அன்றிலிருந்து அவன் வரிசையை இன்னும் வேகமாக நடத்தினான்.

தெவோராவுக்கு வலி கண்டு விடிய விடிய நீடித்து, காலையில் குழந்தையின் ஒரு கால் மட்டும் வெளியே வந்தது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அலெப்போவிலிருந்து வந்த மஸூதா என்ற யூதப் பெண்மணி, அந்த ஊரில் அரபு பேசத் தெரிந்த ஒரே ஆள், வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஹெர்ஷின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேற்கு வாசலுக்கு ஓடினாள்.

"உங்களில் பிரசவம் பார்க்கிறவங்க யாராவது இருக்கீங்களா?" என்று வரிசையைப் பார்த்துக் கேட்டாள்.

எல்லோருடைய கண்ணும் விதாத்தின் பக்கம் போனது.

"எந்த வீடு?" என்று விதாத் கேட்டாள்.

மஸூதா கையை நீட்டிக் காட்டினாள். விதாத் கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்தாள். பிறகு மாமனாரின் கையைத் தன் தோளிலிருந்து எடுத்து மஸூதாவின் தோளில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அண்டா எங்கே, கத்தி எங்கே என்று அவள் யாரையும் கேட்கவில்லை. இடம் மாற்றி வைத்திருந்தவற்றைத்தான் தேட வேண்டியிருந்தது.

குழந்தை நீலமாகப் பிறந்தது. அவள் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், வாயில் ஊதினாள், கடைசியில் அது அழுதது, ஆண் குழந்தை. தெவோராவுக்கு உதிரம் நிற்காமல் போய்ப் பிறகு நின்றது. கண்ணைத் திறந்தவள், தன்மேல் குனிந்திருந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டாள். தினமும் வாசலைக் கடக்கும்போது நிலைப்படியைத் தொடுகிற பெண். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை. குழந்தை பசிக்கு அழுதது. தெவோரா மார்பில் போட்டுப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. விதாத்தின் சட்டை முன்புறம் நனைந்திருந்தது. தன் குழந்தை செத்த பிறகும் அவளுக்குப் பால் வற்றவில்லை. அவள் யாரையும் கேட்காமல் குழந்தையை வாங்கித் தன் மார்பில் வைத்துக்கொண்டாள்.

கிதியோன் வாசலில் வந்து நின்று, "முடிந்ததா?" என்றான். முடிந்ததும் வரிசை கிழக்கே போனது.

ஊரிலிருந்த ஆடுகளெல்லாம் சண்டையில் சிதறிப் போயிருந்தன. பால்மாவைக் கரைத்து ஊட்டினால் குழந்தை கக்கியது. தெவோராவின் காய்ச்சல் இறங்கியும் பால் வரவில்லை. கைக்குழந்தை வைத்திருக்கிற வேறு பெண் அந்த ஊரில் கிடையாது. அவர்களுடைய கைக்குழந்தைகள் எல்லாம் ஐரோப்பாவில் போய்விட்டன. மறுநாள் காலையிலிருந்தே ஹெர்ஷ் மேற்கு வாசலில் நின்றான். உச்சிவேளையில் சாலையில் புழுதி தெரிந்ததும் அவன் அழுதுவிட்டான். அந்த வரிசையைப் பார்த்து அந்த ஊரில் ஒருவர் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

இப்படியாக, ஒருவரைத் தினமும் ஊரைவிட்டு விரட்டிக்கொண்டே, மறுநாள் அவர் தவறாமல் வந்துவிட வேண்டுமே என்று கவலைப்படுகிற வாழ்க்கை அந்த மலையில் தொடங்கியது. குழந்தை குடித்து முடிக்கும்வரை வரிசை நிற்கலாம் என்று கிதியோன் விட்டுக்கொடுத்தான். வரிசையில் வந்தவர்கள் அந்த நேரத்தில் தங்கள் வீட்டு வாசல்களில் நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். குழந்தை மெதுவாகக் குடிக்க வேண்டும் என்று இறைவனைக் கேட்டுக்கொண்டார்கள். புதுக் குடிகள் தங்கள் பங்கு ரொட்டியும் வெங்காயமும் மத்தி மீன் டப்பாவும் கொண்டுவந்து விதாத்தின் பக்கத்தில் வைத்தார்கள், அவளுக்குப் பால் ஊற வேண்டுமே என்று. அவள் முதல் பங்கை மாமனாருக்கு ஊட்டிவிட்டுத்தான் சாப்பிட்டாள். குடித்த பாலோடும், இரவில் சொட்டுச் சொட்டாக ஊட்டிய சர்க்கரைத் தண்ணீரோடும் குழந்தை அடுத்த உச்சிவேளைவரை எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டது. கல்மான் என்று தெவோரா தன் தகப்பனின் பெயரை வைத்தாள். விதாத் மகனே என்று மட்டும் கூப்பிட்டாள்.

ஒருநாள் அபூ நஸீஃப் கையை நீட்டிக் குழந்தையின் தலையைத் தடவினார்.

"பசி தீரப் பல தடவை கொடுத்துட்டே இல்லையா?" என்று மருமகளைக் கேட்டார்.

"கொடுத்துட்டேன் மாமா."

"அப்போ நம்ம மார்க்கத்துல இவன் உன் மகன். நஸீஃபோட மகன். எனக்குப் பேரன்."

தெவோரா மஸூதாவின் முகத்தைப் பார்த்தாள். மஸூதா முதலில், வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றாள். பிறகு அவளுக்கே பொறுக்கவில்லை, உள்ளதைச் சொன்னாள். மறுநாள் விதாத் வந்தபோது, தெவோரா குழந்தையை முதலில் கொண்டுபோய் அந்தக் கிழவரின் மடியில் வைத்தாள்.

ஊர்க் கமிட்டி கூடி, பால் கொடுக்கிறவளை மட்டும் ஊரில் தங்கவைக்கலாம், பின்கட்டு அறையில் இருக்கட்டும் என்று முடிவு செய்தது. கிதியோனும் தலையாட்டிவிட்டான். மஸூதா அதைச் சொன்னபோது விதாத் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"விதாத், நீ இருந்துக்கலாமாம். உன் வீட்டிலேயே."

"பின்கட்டுலயா அக்கா?"

"இப்போதைக்கு."

"மாமா?"

"உன்னை மட்டும்தான் சொன்னாங்க" என்றாள் மஸூதா.

"அவர் என் தோளைப் பிடிச்சுத்தான் நடக்கிறார்" என்றாள் விதாத். "என்னை நிறுத்தினா அவரையும் நிறுத்துங்க. அவரை நிறுத்தினா அவர் தங்கச்சி குடும்பத்தையும் நிறுத்துங்க. இவங்க எல்லாருக்கும் இங்கே வீடு இருக்கு. நான் மட்டும் என்ன சொல்லி உள்ளே போறது?"

மஸூதா இதைக் கமிட்டியிடம் சொன்னாள். கமிட்டியில் யாரும் அவளைத் திட்டவில்லை. ஒருவர் மட்டும், அங்கே நம்மை வரிசையில் நிறுத்தினவர்கள் யாரும், இருக்கிறாயா என்று நம்மிடம் கேட்கக்கூட இல்லை என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியவில்லை, மற்றவர்களுக்கும் தெரியவில்லை. கிதியோன் எழுந்து, எல்லோரையும் நிறுத்தினால் நாளைக்கு நாம் எந்தச் சாலையில் நடப்போம் என்று கேட்டான். மறுநாளும் வரிசை வந்தது, கிழக்கே போனது.

இலையுதிர் காலத்தில் போர் நிறுத்தம் பேசினார்கள். எந்த மலை யாருக்கு என்று கோடு போடப் போகிறார்கள், அதற்குள் ஊரை அடைத்துவிட வேண்டும் என்று கிதியோனுக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. அவன் ஒரே காலையில் மேற்கு வாசலைச் சுற்றி முள்கம்பி இழுத்தான், இருபுறமும் கண்ணிவெடி புதைத்தான். ஹெர்ஷ் அவனிடம் போய் நின்றான்.

"குழந்தைக்கு என்ன செய்யறது?"

"எனக்குத் தெரியாது" என்றான் கிதியோன். அவன் கண்கள் சிவந்திருந்தன. "என் தம்பி எரிந்த லாரி சூடு ஆறுவதற்குள் நான் பக்கத்தில் நின்றேன். உன் குழந்தைக்காக இத்தனை நாள் கண்ணை மூடிக்கொண்டேன். இதற்கு மேல் என் கையில் இல்லை."

உச்சிவேளையில் வரிசை வந்தது. கம்பிக்கு வெளியே நின்றது. மூன்றில் ஒரு பங்குகூட இப்போது மிச்சமில்லை. விதாத் கம்பியின் ஓரமாக வந்து, ஊருக்குள்ளிருந்து கேட்ட அழுகையைக் கேட்டுக்கொண்டு நின்றாள். தெவோரா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கிதியோன் யாரையும் பார்க்காமல் கம்பியில் ஓர் ஆள் நுழையும் அளவு சந்து விட்டு, "கொடுத்துவிட்டு வந்துவிடு" என்றான்.

குழந்தை குடிக்கும்போதே அவன் மஸூதாவிடம் வரிசைக்குச் சொல்லச் சொன்னான். இன்றைக்கு ஊருக்குள் வழி கிடையாது, மலையைச் சுற்றி வடக்குப் பக்கமாகக் கிழக்கே போக வேண்டும், நாளைக்கு இந்தக் கம்பியருகே யார் வந்தாலும் சுடுவோம். மஸூதா சொன்னாள். சொன்னதை அப்படியே தெவோராவுக்கும் அவள் மொழியில் சொன்னாள்.

தெவோரா தரையில் உட்கார்ந்து, குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது குடித்து முடித்தது. வரிசை எழுந்தது. அவளும் எழுந்து, கம்பியின் பக்கம் திரும்பாமல், விதாத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

ஹெர்ஷ் சந்துக்கு வந்தான். கிதியோன் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். "தெவோரா, வா" என்றான் ஹெர்ஷ். "நம்மால் எப்படியாவது முடியும். வா."

"ஒரு குழந்தையை எப்படியாவது முடியும் என்று சொல்லித்தான் கொண்டுபோனோம்" என்றாள் அவள். இத்தனை வருடங்களில் அதைப் பற்றி அவள் பேசியது அப்போதுதான். "இவன் ரொட்டி மெல்லுகிற வயதுக்கு வந்ததும் நாங்கள் வந்துவிடுகிறோம்."

அவர்கள் மலையைச் சுற்றி நடந்தார்கள். தெவோரா வரிசையில் நடக்கத் தெரிந்தவள். எங்கே மூச்சை மிச்சம் பிடிக்க வேண்டும், எப்போது நிற்கக் கூடாது என்பதெல்லாம் அவள் கால்களுக்கு நினைவிருந்தது. குழந்தை அன்றைக்கு நினைத்தபோதெல்லாம் பால் குடித்தது, பிறந்ததிலிருந்து முதல் முறையாக வயிறு நிறைந்து தூங்கியது. வறண்ட ஓடையருகே விதாத்தின் நடை தளர்ந்தபோது, தெவோரா அந்தக் கற்குவியலைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், எதுவும் கேட்காமல் குனிந்து ஒரு கல்லை எடுத்து அதன்மேல் வைத்தாள். அவள் ஜனங்கள் கல்லறைக்குப் போனால் அப்படித்தான் செய்வார்கள்.

மறுநாள் உச்சிவேளைக்கு, வழக்கமான வளைவு வந்தது. மினாரா தெரியவில்லை. ஊர் அடைத்துக்கொண்டதும் சாலை அதைக் கைவிட்டு நேராகப் போய்விட்டது போலும். முன்னால் நடந்தவர்கள் நின்றுவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் மோதி நின்றார்கள். அபூ நஸீஃப் மூக்கை நிமிர்த்தி மோந்து பார்த்து, "விதாத், நம்ம ஊர்ல ஏன் ஆத்து வாசனை வருது?" என்றார்.

கீழே நதி ஓடியது. பாலத்துக்கு இந்தப் பக்கம் அரபுப் படையின் கூடாரங்கள் இருந்தன. சிலர் மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்கள். தினமும் விரட்டப்பட்டுக்கொண்டே இருந்தவரை அவர்கள் ஊரை இழந்திருக்கவில்லை, அன்றைக்குத்தான் இழந்தார்கள்.

பாலத்தில் ஒரு தளபதி ஒவ்வொருவரையும் நிறுத்தி எந்த ஊர் என்று கேட்டு அக்கரைக்கு அனுப்பினான். தெவோராவிடம் கேட்டபோது விதாத் குறுக்கே புகுந்து, "என் நாத்தனார். பேச்சு வராது" என்றாள்.

தளபதி தெவோராவின் முகத்தை நெடுநேரம் பார்த்தான். "அம்மா, என் சிப்பாய்களில் தம்பியைப் பறிகொடுக்காதவன் ஒருத்தன் இல்லை" என்று மெல்லிய குரலில் சொன்னான். "இவள் யாரென்று அவர்களுக்குத் தெரிந்தால், சாயங்காலம்வரை நான் இவளைக் காப்பாற்றி வைக்க முடியாது. கைதிகளை மாற்றிக்கொள்கிற லாரி, வெள்ளைக்கொடி கட்டி அதோ நிற்கிறது. அதில் ஏற்றி அவர்கள் பக்கம் அனுப்பிவிடுகிறேன். குழந்தை யாருடையது?"

குழந்தை விதாத்தின் மார்பில் குடித்துக்கொண்டிருந்தது. அவள் என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். அவளுடைய மார்க்கப்படி அது பொய்யாகாது. ஆனால் அவள் தெவோராவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே குழந்தையை மார்பிலிருந்து எடுக்கப் போனாள். பால் விட்டதும் அது வீறிட்டது.

தளபதி குழந்தையை நோக்கிக் கை காட்டியதிலேயே தெவோராவுக்குக் கேள்வி புரிந்திருந்தது. அவள் விதாத்தின் கையைப் பிடித்து, குழந்தையின் வாயைப் பழைய இடத்தில் வைத்தாள். அது சத்தம் அடங்கும்வரை அதன் பின்னந்தலையில் கையை வைத்திருந்தாள். பிறகு கையை எடுத்து, தளபதியைப் பார்த்து, விரலால் விதாத்தைக் காட்டினாள்.

விதாத் ஏதோ சொன்னாள். மஸூதா அங்கே இல்லை, அதனால் அது என்னவென்று தெவோராவுக்குத் தெரியாமலே போயிற்று.

லாரி அவளை இரண்டு நாள் சுற்றிக் கொண்டுபோய், முள்கம்பிக்கு வெளியே இறக்கிவிட்டது. கிதியோனே கம்பியை விலக்கி வழி விட்டான். வாசலில் ஊர் முழுக்க நின்றது. ஹெர்ஷ் அவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, அவளுடைய வெறும் கைகளையும், துணி மூட்டை ஏதாவது முதுகில் இருக்கிறதா என்று முதுகையும் பார்த்தான்.

"எங்கே?" என்றான்.

அவள் அவனைத் தாண்டி அந்த வீட்டின் கதவைப் பார்த்தாள்.

"நான் கிளம்பும்போது பால் குடித்துக்கொண்டிருந்தான்" என்றாள்.